சனம் பாக்குது

தன் தோளில் வந்து விழுந்த தலையை வேரோனிக்கா தோளாலேயே இடித்துத் தள்ளினாள்.

"நேர இருங்கோ. சனம் பாக்குது."

கணவர் அமிர்தநாதரின் தலை மற்றப் பக்கம் சாய்ந்து சுவரில் போய்த் தங்கியது. பின்வரிசையில் யாராவது பார்த்திருப்பார்களோ என்று அவள் இருட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டோர்செட் பார்க்கில் மாதா கோயிலுக்குக் கீழே இருந்த மண்டபம் அது. ஞாயிறு பூசை முடிந்ததும் முதியோர் சங்கம் மாதம் ஒரு படம் காட்டும். எப்போதும் தமிழ் வீடியோதான். தொண்ணூற்று நாலாம் ஆண்டு பெப்ரவரிக்கு மட்டும் பழைய இங்கிலிஷ் படம் ஒன்றுதான் வேண்டும் என்று அமிர்தநாதர் ஒற்றைக்காலில் நின்றார். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு டாக்குத்தரும் மனைவியும் மனதில் உள்ளதைச் சொல்லாமலே பிரிந்து போகிற கறுப்பு வெள்ளைக் கதை. நூலகத்தில் சொல்லிவைத்து, மூன்று பெரிய படச்சுருள்களையும் பனிக்குள் பஸ்ஸில் சுமந்து வந்தவரும் அவர்தான்.

கலியாணம் முடிந்த கிழமை கொழும்பில் அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய படம். அன்றைக்கு இருவருக்கும் நடுவில் மாமியார் இருந்தார். வேரோனிக்காவுக்கு ஞாபகம் இருந்தது படமல்ல, மாமியாரின் மடியில் இருந்த கச்சான் கடலைக் கடதாசிச் சரைதான்.

"இந்தமுறை நடுவில ஒருத்தரும் இல்லை," என்று காலையில் சவரம் செய்துகொண்டே அமிர்தநாதர் சொல்லிச் சிரித்தார். அறுபத்தெட்டு வயதில் மனுசனுக்கு வந்த ஆசையைப் பார் என்று அவள் முகத்தைச் சுளித்தாள். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தொன்பது வருசத்தில் ஆட்களுக்கு முன்னால் அவர் கையைக்கூடப் பிடித்தவளில்லை அவள்.

கடைசிச் சுருள் இன்னும் இருபது நிமிடம் ஓடியது. ஊரையே கூட்டிவந்து இருத்திவிட்டுத் தான் நித்திரை கொள்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திரையில் கப்பல் புறப்பட்டுப் போனது. லைட்டைப் போட்டார்கள். சங்கச் செயலாளர் அல்பேட் மைக்கைப் பிடித்தார்.

"படத்தைக் கொண்டந்த அமிர்தநாதர் அண்ணையை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேக்கிறம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எழும்பவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான் கூப்பிடினம்," என்று அவள் அவர் கையைத் தொட்டாள். கை மடியிலிருந்து வழுகித் தொங்கியது. கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் மகன் றொய்சன் அவள் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அம்மா, நெஞ்சு நோகுதெண்டு அப்பா ஒண்டும் சொல்லேல்லையா?"

"இல்லை ராசா. நித்திரை எண்டு நினைச்சன்."

அது பொய்யில்லை. ஆனால் தலை சாய்ந்ததை அவள் சொல்லவில்லை. நோவு தாங்காமல் சாய்ந்தாரா, ஆசையில் சாய்ந்தாரா? நோவு என்றால் உதவி தேடிச் சாய்ந்தவரைத் தள்ளிவிட்டாள். ஆசை என்றால் முப்பத்தொன்பது வருசம் பொறுத்திருந்தவரைத் தள்ளிவிட்டாள். எப்படிப் பார்த்தாலும் தள்ளியவள் அவள்தான். பாவசங்கீர்த்தனத்தில் இதை என்ன பாவம் என்று சாமியாரிடம் சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை பியூனரல் ஹோமில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். சங்கத்தார் வரிசையாக வந்தார்கள்.

"குடுத்துவைச்ச மனுசன் அக்கா. விரும்பின படத்தைப் பாத்துக்கொண்டே, உங்களுக்குப் பக்கத்தில இருந்தபடி போயிட்டார்," என்றார் அல்பேட். அவள் தலையாட்டினாள். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கீறியது.

பெட்டிக்குள் அவரை நன்றாகத்தான் கிடத்தியிருந்தார்கள். கறுப்புக் கோட், கழுத்தில் ரை, விரல்களில் செபமாலை. தலை, தலையணையின் நடுவில் அளந்து வைத்ததுபோல் நேராக இருந்தது.

செபமாலை பாதி போய்க்கொண்டிருக்கையில் வேரோனிக்கா எழும்பிப் போனாள். அவர் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் நாற்காலி இருந்த பக்கமாகத் தலையை மெல்லத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். செபம் சொன்ன குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

றொய்சன் ஓடிவந்து அவளைப் பிடித்தான். "விடுங்கோ அம்மா. சனம் பாக்குது."

அவள் கைகளை எடுத்தாள். போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து தலைமாட்டில், பெட்டியோடு ஒட்டப் போட்டாள். தோள் மரத்தில் முட்டும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.

விட்ட இடத்திலிருந்து யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள்.