வெள்ளியில் திறக்காத மூடி

அதுவரை உலகத்தில் எந்த மனிதக் கண்ணும் பார்க்காத ஒன்றை அன்று காலை எட்டரை மணிக்கு ரிம்மா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக் கிரகத்தின் தரைதான் அது. கூர் மழுங்காத கற்கள், பெரியதும் சின்னதுமாக, நேற்றுத்தான் எவனோ உடைத்துக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. பதிவு இயந்திரத்தின் காகிதத்தில் கோடு கோடாக ஏறி வந்துகொண்டிருந்தன. கூடத்திலிருந்த நாற்பது பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். மாஸ்கோவிலிருந்து கழுத்துப்பட்டையோடு வந்திருந்த பெரிய மனிதர்கள்கூடச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு குழந்தைகள்போல எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் படம் வந்தது இரண்டாம் எண் இயந்திரத்தில். ஒன்றாம் எண் இயந்திரமும் பக்கத்திலேயே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த காகிதம் மைப்புட்டியில் முக்கி எடுத்ததுபோல முழுக் கறுப்பு.

இறங்கிய கலத்தில் இரண்டு கேமரா, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போகிற வழியில் சூடும் அமிலப் புகையும் கண்ணாடியைத் தின்றுவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. தரையைத் தொட்டதும் மூடி தெறித்து விழ வேண்டும். ஒன்றாம் கேமராவின் மூடி ரிம்மாவின் கைவேலை. இரண்டாவது, பக்கத்து மேசைக்காரி கிராவின் கைவேலை. கிராவின் மூடி விழுந்தது. ரிம்மாவின் மூடி விழவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

"கிரோச்கா, வா இங்க, முன்னால வந்து நில்லும்மா. உன் கண்ணுதான் பாக்குது" என்று தலைமைப் பொறியாளர் வெனியமின் ஓசிப்பவிச் கிராவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். அப்புறம் கறுப்புக் காகிதத்தின் பக்கம் திரும்பி, "பரவாயில்ல ரிம்மா சவேல்யெவ்னா, நடக்குறதுதான்" என்றார்.

இதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள் அப்பன் பெயரோடு சேர்த்து, சம்பளப் பட்டியலில் இருக்கிறபடி, ரிம்மா சவேல்யெவ்னா. ஏழு வருஷம் முன்னால் வந்தவள் செல்லமாகக் கிரோச்கா. மரியாதைதானே என்று கேட்பவர்கள் ரிம்மாவின் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

இந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஓசிப்பவிச் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "அடுத்த கலத்துக்குக் கேமராக் குழுத் தலைமை ஒருத்தருக்குத்தான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். நான் முடிவு பண்ணி ஒருத்தர் வாயில விழ மாட்டேன். எவ மூடி ஒழுங்கா விழுதோ அவ தலைவி. வெள்ளி முடிவு பண்ணட்டும்."

அந்தத் தலைமைக்காக ரிம்மா என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள். செய்தும் இருந்தாள். அது பின்னால் வருகிறது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கிரா இரண்டு தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சூடான செபுரேக், ஆட்டுக்கறி வைத்துப் பொரித்தது, எண்ணெய் வழிந்தது. வெளியே உப்பு ஏரிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடு ரிம்மா. காலையிலிருந்து வெறும் டீயாக் குடிச்சிட்டிருக்க."

"பசிக்கல."

"பொய் சொல்லாத. வயிறு கத்துறது எனக்கே கேக்குது." கிரா சிரித்தாள். "இன்னும் முடியலயே. மூணு நாள்ல ரெண்டாவது கலம் இறங்கப்போவுது. அதுல உன் மூடி படார்னு விழும் பாரு."

பரிதாபப்படுகிறாள் பார், என்று நினைத்தாள் ரிம்மா. குத்திக் காட்டியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். செபுரேக்கை வாங்கிக் கொடுக்கிறவளை என்ன செய்வது? கிராவுக்கு மனசில் கள்ளம் கிடையாது. அதுதான் ரிம்மாவுக்கு அவளிடம் பிடிக்காத முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் அந்த வில். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூடியைத் தள்ளும் வில்லை இப்படி வளைத்தால் நன்றாக இருக்கும் என்று ரிம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். கிராவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யோசனை மனுவை அவளே எழுதினாள், இரண்டு பேர் பெயரும் போட்டுத்தான் எழுதினாள். ஆனால் பட்டறைச் சுவர்ப் பத்திரிகையில் வந்தது 'கிராவின் வில்'. கௌரவப் பலகையில் மாட்டியது கிராவின் போட்டோ. கிரா போய்ச் சண்டை போட்டாள், திருத்தச் சொன்னாள், யாரும் திருத்தவில்லை. இன்றைக்கும் பட்டறையில் அந்த வில்லுக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு முறை யாராவது "அந்த கிரா வில்ல எடு" என்று கேட்கும்போதும் ரிம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே, இந்த வருஷம் மார்ச்சில், சூட்டறைச் சோதனையில் ஒன்றைக் கண்டுபிடித்தபோது ரிம்மா வாயைத் திறக்கவில்லை.

வெள்ளியில் காற்று நம் காற்றைப்போலத் தொண்ணூறு மடங்கு அழுத்தும். அந்த அழுத்தத்தை அறைக்குள் ஏற்றியபோது, ஐந்து முறையில் இரண்டு முறை அவளுடைய மூடி தான் உட்காரும் வளையத்தோடு அப்பிக்கொண்டது. வெளிக்காற்று மூடியை உள்ளே தள்ளுகிறது, உள்ளே சமன் செய்யக் காற்று இல்லை, வில் என்னதான் தள்ளும்? ஒரு நாள் முழுக்க யோசித்து, ஊசி அரத்தால் மூடியின் விளிம்பில் முடி அகலத்துக்கு ஒரு கீறல் போட்டாள். காற்று உள்ளே நுழைய ஒரு வழி. அதற்கப்புறம் பத்துக்குப் பத்து முறையும் மூடி துள்ளி விழுந்தது.

முதல் கலத்தின் மூடிகள் அப்போதே பொருத்தி முத்திரை போட்டாயிற்று. அதை யாரும் தொட முடியாது. இரண்டாவது கலத்தின் மூடிகள் மட்டும் மேசையில் இருந்தன. தன்னுடையதில் கீறல் போட்டாள். கிராவினுடையது ஒரு கை தூரத்தில், வெள்ளைத் துணியில் பொதிந்து இருந்தது. ஒருத்தி செய்ததைப் பக்கத்து மேசைக்காரி சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். கிராவின் மூடியைச் சோதித்தவள் ரிம்மா. 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சொன்னால் இதற்கும் 'கிரா கீறல்' என்றுதானே பெயர் வைப்பார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

இப்போது செபுரேக்கைப் பிய்த்தபடி கிரா சொன்னாள்: "நான் யோசிச்சிட்டே இருக்கேன் ரிம்மா, உன்னுது ஏன் ஒட்டிக்கிச்சுன்னு. அழுத்தமா இருக்குமோ? வெளிக்காத்து மூடியப் போட்டு அமுக்கி..."

ரிம்மா தன் செபுரேக்கைக் கையில் எடுத்தாள். "அழுத்தமா? இருக்காது. சூட்டுல ஏதாவது கோணியிருக்கும்."

"அழுத்தம்னா எனக்கும் அதே ஆபத்துதானே. என்னுது விழுந்தது குருட்டு அதிர்ஷ்டம்னு ஆயிடும்."

"உனக்கென்ன, உன்னுதுதான் விழுந்துடுச்சே. சாப்பிடு."

இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, கலம் வெள்ளியின் வாசலில் நிற்கிறது, அரத்தை எடுத்துக்கொண்டு யார் போவது என்று ரிம்மா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கணக்கு சரிதான்.

மூன்று நாளும் அந்தப் படத்தை அவள் பார்க்கவேயில்லை. பார்க்காமல் இருப்பதும் லேசாக இல்லை. பிரதி எடுத்து விடுதி வாசலில் ஒட்டினார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினார்கள். சமையல்காரம்மாகூட, "இந்தக் கல்லெல்லாம் நம்ம கிரா புள்ள எடுத்ததாமே" என்று கேட்டுக்கொண்டே கஞ்சியை ஊற்றினாள். கேமரா எடுத்தது, பொம்பளே, என்று சொல்ல ரிம்மாவுக்கு வாய் துறுதுறுத்தது.

இருபத்தைந்தாம் தேதி காலையில் இரண்டாவது கலம் இறங்கியது. அதே கூடம், அதே நாற்பது பேர். பயணத்துக்குக் கிளம்புமுன் ஒரு நிமிஷம் உட்காருவது எங்கள் ஊர் வழக்கம்; அன்று தரை தொடுமுன் யாரோ சொன்னார்கள் என்று எல்லோரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தார்கள். இரண்டு இயந்திரங்களும் ஓட ஆரம்பித்தன.

ரிம்மா தன் இயந்திரத்தை முதலில் பார்க்கவில்லை. கிராவின் இயந்திரத்தைத்தான் பார்த்தாள். கோடு வந்தது. கறுப்பு. இன்னொரு கோடு. கறுப்பு. பத்தாவது கோடும் கறுப்பாக வந்த பிறகுதான் அவள் திரும்பித் தன்னுடையதைப் பார்த்தாள். தட்டைத் தட்டையாகப் பாறைகள், தோசை தோசையாகப் பரப்பி வைத்தது மாதிரி. தன் மூடி விழுந்திருக்கிறது. ஆனால் முதல் சந்தோஷம் அந்தக் கறுப்புப் பக்கத்திலிருந்துதான் வந்தது, இதற்கு அவளே சாட்சி.

யாரோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டார்கள். கிராதான். "விழுந்துடுச்சு ரிம்மா, உன்னுது விழுந்துடுச்சு. நான்தான் சொன்னேனே" என்று கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். தன் கறுப்புக் காகிதத்தை அவள் இன்னும் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை.

மதியம் ஓசிப்பவிச்சின் அறையில் கூட்டம். கேமராக் குழு எட்டுப் பேர், கண்ணாடித் தம்ளர்களில் டீ. அவர் நல்ல குஷியில் இருந்தார்.

"ரெண்டு கலம், ரெண்டு படம். ரெண்டு மூடி விழுந்துச்சு, ரெண்டு விழல. ஏன் விழல, ஏன் விழுந்துச்சுன்னு கடவுளுக்கே வெளிச்சம். கட்சி மெம்பர் நான் கடவுளச் சொல்லக்கூடாது, அதனால அதிர்ஷ்டம்னு வச்சுக்குவோம்." எல்லோரும் சிரித்தார்கள். "ஆளுக்கு ஒண்ணு, சமம். ஆனா மொதப் படம் கிரோச்காவோடது. உலகத்துக்கே மொதப் படம். அதனால தலைமை கிரோச்காவுக்கு. யாருக்கும் வருத்தமில்லையே?"

"எனக்கு வேணாம், வெனியமின் ஓசிப்பவிச்" என்றாள் கிரா. "ரிம்மா என்னவிட அஞ்சு வருஷம் முன்னாடி வந்தவ. அவளுக்குக் குடுங்க. எனக்கு விழுந்ததும் அதிர்ஷ்டம், அவளுக்கு விழுந்ததும் அதிர்ஷ்டம். அப்ப மூத்தவளுக்குத்தானே?"

பிச்சை போடுகிறாள். எட்டுப் பேர் முன்னால் பிச்சை போடுகிறாள். ரிம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. அவள் கையால் போட்ட கீறலுக்கு, அவள் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட வேலைக்கு, இவர்கள் வைத்த பெயர் அதிர்ஷ்டம்.

"அதிர்ஷ்டம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"என்ன?"

"என்னுது அதிர்ஷ்டத்துல விழல. அழுத்தத்துல அப்பிக்கும்னு எனக்குத் தெரியும். விளிம்புல கீறல் போட்டு விட்டேன், காத்து உள்ள போறதுக்கு. சூட்டறையில பத்துக்குப் பத்து தடவ விழுந்துச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், வேணும்னா காட்டுறேன்."

ஓசிப்பவிச் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அடேயப்பா. ஒரு கீறல். ஒரே ஒரு கீறலா? இவ்வளவு பெரிய நிறுவனம், இத்தன முனைவர் பட்டம், ஒருத்தனுக்கும் தோணலயே. ரிம்மோச்கா, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

ரிம்மோச்கா. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேசையைச் சுற்றி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கிராவை யாரும் பார்க்கவில்லை. ரிம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் இப்படியே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றிருந்தது.

"எப்போ போட்ட?" என்று கேட்டாள் கிரா.

கேட்டது சாதாரணமாகத்தான். வேலையில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிற கேள்வி.

"மார்ச்சுல. பதினாலாம் தேதி."

"பதினாலு." கிரா விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "மொதல் கலத்துக்கு அப்பவே முத்திரை வச்சாச்சு. சரி, அத ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவதுக்கு என்னோட மூடி இருபத்தஞ்சு வரைக்கும் மேசையிலதான் இருந்துச்சு. பதினோரு நாள். உன் பக்கத்துல. சோதிச்சுக் கையெழுத்துப் போட்டதும் நீ."

டீயைக் கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியை நிறுத்தினார்.

"மறந்துட்டியா?" கிரா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடு, நம்பிவிடுகிறேன் என்கிற மாதிரி கேட்டாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் இவள் கருணை காட்டி அந்தக் கருணையில் தான் தப்பிப்பதா என்று ரிம்மாவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

"மறக்கல" என்றாள். "சொல்லல."

"ஏன்?"

"சொன்னா உன் பேர வச்சுடுவாங்க."

கிரா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "எனக்காக இல்ல" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "கலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு இனி யாருக்குமே தெரியாதே. அங்க மறுபடி எவன் போய்ப் பாக்கப்போறான்?" தோள் குலுங்க அழ ஆரம்பித்தாள்.

நாற்காலிகள் இழுபட்டன. ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருத்தி கைக்குட்டை கொடுத்தாள். ஓசிப்பவிச் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, கிராவின் தலையில் கை வைத்து, "அழாத கிரோச்கா, அழாதம்மா, அடுத்த கலம் உன்னுது, நீயே பாத்துக்கோ" என்று மெல்லச் சொன்னார். ரிம்மாவின் பக்கம் அவர் திரும்பவில்லை. "நீங்க போகலாம், ரிம்மா சவேல்யெவ்னா. அந்த நோட்ட மட்டும் குடுத்துட்டுப் போங்க."

யாராவது திட்டுவார்கள் என்று ரிம்மா கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் திட்டவில்லை, யாருக்கும் அவள் அங்கே நிற்பது ஞாபகமில்லை. நோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். தான் செய்தது எவ்வளவு கேவலம் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது, அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனாலும் கதவருகில் திரும்பிப் பார்த்தபோது, அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுகிற கிராவைப் பார்த்து அவளுக்கு வந்தது பொறாமைதான்.