கல்லுளிமங்கியின் வியாழக்கிழமை

பார்லர்க்காரி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவள் ராஜ்ஜியம். தலையைக் கொடுத்து உட்காருகிற பெண்கள் மனசையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். மாமியார் சண்டை, மகளின் காதல், புருஷனுக்கு வேலை போன கதை, எல்லாம் முடியோடு முடியாகக் கீழே விழும். அவளும் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்த ஆளை வாசல்வரை கேட்கிற மாதிரிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

கேட்டுக் கேட்டுத்தான் நாற்பத்தைந்து வயதில், இதை முறையாகப் படித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கடையையும் பார்த்துக்கொண்டு ஐந்து வருஷம் படித்தாள். ஐம்பதில் தேறி, மன ஆலோசகர் என்று சான்றிதழ் வாங்கினாள். அதற்குச் சட்டம் போட்டு மாட்டியது அவள் புருஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். மட்டப்பலகை வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தார்.

சான்றிதழ் வந்த கையோடு தனியாக அறை போட்டு உட்கார முடியாது. மேற்பார்வையில் இருநூறு மணி நேரம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தில் தன்னார்வ இடம் கேட்டாள். வாரம் ஒரு நாள், சம்பளம் கிடையாது. ஆனால் தேறியவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். அறுபது பேர் கேட்டதில் நாலு பேருக்குக் கிடைத்தது. அந்த நாலில் ஒருத்தி நம் பார்லர்க்காரி.

"சம்பளமில்லாத வேலைக்கு இன்டர்வியூ வேற வச்சாங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். புருஷனுக்கு நேர் இளைய தங்கை, வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள்.

"ரெண்டு ரவுண்டு வச்சாங்க."

"மூணாவது வச்சிருந்தா நீங்க அவங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்போல."

மையம் நூலகத்துக்குப் பின்னால் மாடியில் இருந்தது. காத்திருக்கும் இடத்து நாற்காலிகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும். யார் வந்தார், யார் போனார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த ஏற்பாடு. அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆலோசகர் தன் அறை வாசலில் வந்து நிற்பார். வரவேண்டிய பிள்ளை தானே எழுந்து வரும். வெளியே தெருவில் பார்த்தாலும் அந்தப் பிள்ளை முதலில் சிரித்தால்தான் இவர்கள் சிரிக்கலாம்.

இதையெல்லாம் பார்லர்க்காரி கரைத்துக் குடித்திருந்தாள். ஏழு மாசம் ஒரு பிசகில்லை. வியாழக்கிழமைதோறும் ஐந்து பிள்ளைகள். அதில் ஒரு பையன் பதினோரு வாரம் வாயே திறக்காமல் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பன்னிரண்டாவது வாரம்தான் தன் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஏறாமல் வீடுவரைக்கும் நடந்தே வந்தாள். ஏன் சந்தோஷம் என்று புருஷனிடம்கூடச் சொல்ல முடியாது. அவரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. மூன்று மணிக்கு வாசலில் வந்து நின்றாள். ஜன்னலோரம் ஒரு பெண் முதுகு தெரிய உட்கார்ந்திருந்தாள். பின்னலின் நுனி கோணலாக வெட்டியிருந்தது. போன மாதம் கடையில் மின்சாரம் போனபோது இவளே வெட்டிய கோணல் அது. அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"குட்டிம்மா, நீயா? எப்ப வந்தே?"

ஜன்னலைப் பார்த்த தலைகள் எல்லாம் திரும்பின. குட்டிம்மா, பட்டுவின் ஒரே மகள், இரண்டாம் வருஷம் படிக்கிறவள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல அத்தை, லைப்ரரின்னு நெனச்சு மாறி ஏறிட்டேன்."

படியில் அவள் இறங்கிய வேகம் கேட்டது. மேசையில் பாதி நிரப்பிய படிவம் கிடந்தது. பார்லர்க்காரி அதைத் தொடவில்லை. அடுத்த பிள்ளையை வழக்கம்போலப் பார்த்து முடித்தாள்.

அன்று மாலையே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் இவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். இவள் அவரை மேடம் என்பாள், அவர் இவளை அக்கா என்பார்.

"சொந்தக்காரப் பொண்ணு மேடம். நான் கூப்பிட்ட கூப்பாட்டுல ஓடியே போயிட்டா. போன் பண்ணி ஒரு மன்னிப்பு கேட்டுடட்டுமா?"

"கேட்டா உங்க மனசு ஆறும். அவங்களுக்கு, அத்தை தொரத்திக்கிட்டு வர்றாங்கன்னு ஆயிடும். வேண்டாம்க்கா. வீட்டுலயும் மூச்சு விடாதீங்க."

"திரும்பி வருவாளா?"

"நீங்க உக்காந்திருக்கிற நாள்ல வரமாட்டாங்க."

அந்தப் பதில் அவளைக் குடைந்தது. குட்டிம்மாவுக்கு மற்ற நாளெல்லாம் வகுப்பும் லேபும், சனிக்கிழமை முழுக்க ஏதோ பயிற்சி. வியாழன் மதியம் மட்டும்தான் ஓய்வு என்று பட்டு ஆயிரம் தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு மதியத்தில் வாசலை அடைத்துக்கொண்டு அத்தை நின்றால் அந்தப் பெண் எங்கே போவாள்?

"என்னைச் சனிக்கிழமைக்கு மாத்துங்க மேடம்."

"சனிக்கிழமைதானே கடையில கூட்டம்? அதோட, உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் தோதுப்படணுமே."

நாலு பேருக்குத் தோதுப்பட்டது. ஷூ கயிற்றுப் பையனுக்கு மட்டும் சனிக்கிழமை வேலை. அவனை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கடைசி நாளில் அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. என்னால வந்த மாற்றம். நீ பேசினது ஒண்ணும் வீண் போகல. புதுசா வர்றவருகிட்ட அங்கேருந்தே தொடங்கலாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ளக் கடைக்கு வந்தாள். உட்காரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து வந்தேன், கடையில நீங்க இல்ல. சனிக்கிழமை கூட ஊர் சேவைதானா?"

"இனிமே எனக்கு அங்க சனிக்கிழமைதான் பட்டு. வியாழன்லாம் கடையிலதான் இருப்பேன்."

பார்லர்க்காரி சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்து, வகிடு எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். பட்டு கண்ணாடிக்குள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குரல் இறங்கியது.

"அண்ணி, குட்டிம்மா சரியா சாப்பிடுறதில்ல. ராத்திரி தூங்குறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்குறா. அந்த மாடிப் பக்கம் அவளைப் பார்த்ததா பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுது. வந்தாளா?"

பார்லர்க்காரி பிரஷ்ஷை மறுபடி சாயத்தில் தோய்த்தாள்.

"அங்க யாரைப் பார்த்தேன், யாரைப் பார்க்கலன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல பட்டு."

"நான் யாரோவா?"

"நீ யாரோ இல்ல. அதனாலதான் இவ்வளவு கஷ்டமா இருக்கு."

"பெத்தவ கேக்குறேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்குக் கூட வாய் வராதா?"

"வராது. அவகிட்டயே கேளு. கேட்டுட்டு அவ சொல்ற வரைக்கும் பேசாம பக்கத்துல இரு. அத மட்டும் சொல்லலாம், அது எல்லா அம்மாவுக்கும் சொல்றது."

பட்டு மேல்துண்டை உருவி எறிந்தாள். "கல்லுளிமங்கி. என் அண்ணன் எப்படித்தான் காலம் தள்ளுறானோ." பாதிச் சாயத் தலையோடு படியிறங்கிப் போய்விட்டாள். இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. போன் எடுக்கவில்லை. தங்கை மூஞ்சி திருப்பிக்கொண்டது அண்ணனுக்கும் வலித்தது. ஆனாலும் அவர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் சுவர்ச் சான்றிதழைத் துணியால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பார்லர்க்காரிக்கு ஒரே ஒரு கேள்விதான். குட்டிம்மா திரும்பிப் போனாளா? மேடத்திடம் கேட்டால் பதில் வராது என்று தெரியும். கேட்கவும் இல்லை. சனிக்கிழமைதோறும் போய்த் தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு வியாழன் மாலை குட்டிம்மா கடைக்குள் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"நுனி கோணலா இருக்கு அத்தை. நேர் பண்ணுங்க."

இவள் பின்னலை அவிழ்த்துச் சீவினாள்.

"அன்னைக்கு நான் அப்படிக் கூப்பிட்டது தப்பு குட்டிம்மா."

"மானமே போச்சு அத்தை. நீங்க வியாழன்ல அங்க வர்றீங்கன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அடுத்தது தலைக்கு எண்ணெய் வைக்கவான்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்." அவள் சிரித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள். "வீட்டுக்கு வர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு பயந்தேன். ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா பாதிச் சாயத்தோட வந்து குதிச்சாங்க பாருங்க. உங்கத்தை கல்லுளிமங்கி, எதக் கேட்டாலும் வாயத் தொறக்கல, கூட்டத்த விட்டுட்டு சனிக்கிழமைக்கு மாத்திக்கிட்டாளாம், வியாழன் கடையில குந்தியிருப்பாளாம்னு ஒரே திட்டு. எனக்கு அப்பதான் ரெண்டு விஷயமும் தெரிஞ்சது. நீங்க சொல்லல. வியாழன் அங்க நீங்க இல்ல. அந்த வாரமே போனேன்."

கத்தரி நின்றுவிட்டது.

"இப்ப வாராவாரம் போறேன். அங்க ஒரு சார் இருக்காரு, அவருகிட்ட நான்..."

"தலைய ஆட்டாத. காது போயிடும்."

குட்டிம்மா புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "அம்மாகிட்ட நேத்து நானே சொல்லிட்டேன் அத்தை. பக்கத்துல பேசாம உக்காந்திருந்தாங்க, முழுசா ஒரு மணி நேரம். யார் சொல்லிக் குடுத்தாங்களோ," என்றாள்.

பார்லர்க்காரி நுனியை இரண்டு விரலில் பிடித்து, மட்டப்பலகை வைத்த மாதிரி ஒரே நேராக வெட்டினாள்.

அடுத்த ஞாயிறு பட்டு வந்தாள். தலை பாதி கறுப்பு, பாதி நரை. மன்னிப்பு என்ற பேச்செல்லாம் அவள் வாயில் வராது; விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண் ஈரத்தலையோடு உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"சும்மா சொல்லும்மா. இவங்க எங்க அண்ணி. யூனிவர்சிட்டியே தேடிப் பிடிச்சு எடுத்த ஆளு. கல்லுளிமங்கி. சொந்த நாத்தனார் நான், எனக்கே ஒரு வார்த்தை சொல்லல. உன் கதையவா வெளிய சொல்லப்போறாங்க?"

"பட்டு, தலைய நேரா வை," என்றாள் பார்லர்க்காரி. கண்ணாடியில் பார்த்தால் சொன்னவள் தலைதான் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.