வரைபடத்தில் வராத புள்ளி

நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். குளிர்ச்சியெல்லாம் கடையோட சரி, என் வாய் எப்பவும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

ஹாம் ரேடியோன்னா, அதான் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்கா நடத்துற ரேடியோன்னா, எனக்குப் பைத்தியம். மொட்டை மாடியில ஆன்டெனா, கீழே ரூம்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர். யாராவது ரேடியோவுல தான் இருக்கிற இடத்தை அனுப்பினா, என் ஸ்டேஷன் அதைக் கேட்டு இன்டர்நெட்டுல ஏத்தும். யார் வேணும்னாலும் வரைபடத்துல அந்த ஆளைப் புள்ளியாப் பார்க்கலாம். மலைப் பக்கத்துல இருந்து வர்ற சிக்னலைப் பிடிக்கிறது என் ஸ்டேஷன் ஒண்ணுதான். அந்தத் திமிரு எனக்கு நிறையவே உண்டு.

தங்கச்சி புருஷன் சர்வேயர். அவருக்கும் இதே பைத்தியம், பைக்குலயே ரேடியோ வெச்சிருப்பார். போன மாசம் எங்க ஹாம் கிளப் கூட்டத்துல, அத்தனை பேர் முன்னாடி, "மச்சான் ஆன்டெனாவுல துணி காயப்போட்டாலாவது உபயோகமா இருக்கும்"னுட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம, ரேடியோவுல அவரோட பேர் மாதிரி இருக்கிற அழைப்புக்குறியை என் ஸ்டேஷனோட தடைப்பட்டியல்ல போட்டேன். தப்பான சிக்னலை வடிகட்டத்தான் அந்தப் பட்டியல். அதுல இருக்கிறவங்களை ஸ்டேஷன் கேட்கும், ஆனா இன்டர்நெட்டுக்கு அனுப்பாது. ஊருக்குள்ள வேற ஸ்டேஷன்கள் அவரைப் பிடிச்சதால யாருக்கும் தெரியலை. கோபம் ஆறினதும் எனக்கே மறந்துபோச்சு. அதை நினைச்சாத்தான் ரொம்பக் கேவலமா இருக்கு.

போன செவ்வாய்க்கிழமை எல்லைக்கல் பார்க்க மலைக்குப் போனார். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தங்கச்சி கடைக்கு ஓடி வந்தா.

"அண்ணா, அடிவாரத்துலயே புள்ளி நின்னுபோச்சு. ஒன்பது மணியில இருந்து அசையலை. போன் போட்டா போகவே மாட்டேங்குது."

"மலையில இருந்தா என் ஸ்டேஷன் பிடிக்காம இருக்குமா? ரேடியோவை அணைச்சிருப்பார், போ"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவ நகரலை. "உன் ஸ்டேஷனை நம்பித்தான் அண்ணா நான் அவரை மலைக்கே விடறேன்."

அப்பத்தான் எனக்குச் சுரீர்னு உறைச்சது. கையில இருந்த ஸ்பேனரைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன். பட்டியல்ல இருந்த அந்த ஒரு வரியை அழிச்சேன். ரெண்டே நிமிஷத்துல புள்ளி வந்துது. ஒரு பள்ளத்துக்குள்ள. கூடவே, "கால் உடைஞ்சிருக்கு, உதவி"ன்னு ஒரு செய்தி.

ஆளுங்க போய்ச் சாயங்காலத்துக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில ஆளாளுக்கு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. நானும் அந்தக் கும்பிடை வாங்கிக்கிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

நேத்து மாப்பிள்ளை கட்டுப் போட்ட காலோட என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "மச்சான், அந்தப் பள்ளத்துல இருந்தே உங்க ஆன்டெனா பிடிச்சிருக்கே! அதைப் போய்க் கிண்டல் பண்ணேனே, என்னைச் செருப்பால அடிக்கணும். அன்னைக்கு உங்க ஸ்டேஷன் கேட்டதோட பதிவைப் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. கிளப்புல படிச்சுக் காட்டி, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்கிறேன்."

இன்னைக்குக் காலையில பதிவைத் திறந்தேன். பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நூத்துக்கும் மேல வரி. ஒவ்வொரு வரியிலும் "உதவி", பக்கத்துலயே "தடை". அழிக்கிறது ஒரு நிமிஷ வேலை. விரல் பட்டன் மேலயே இருந்துச்சு. அழிக்காம, அப்படியே பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன்.

மாப்பிள்ளை தூங்கிட்டிருந்தார். தங்கச்சிதான் வாங்கினா. விரல் வெச்சு வரிவரியாப் படிச்சுக்கிட்டே வந்தா.

"தடைன்னு போட்டிருக்கே, என்ன அண்ணா அது? மலை மறைச்சுதா?"

"இல்லம்மா. நான்தான்."