ரோடு போகாத தலைநகரம்

எங்கள் தலைநகரத்துக்கு ரோடு கிடையாது. அலாஸ்காவில் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்லிச் சிரிப்பான். ஜூனோவுக்கு ஒன்று பறந்து போகணும், இல்லை கப்பலில் போகணும். டோக் என்கிற சின்ன ஊரில் இருக்கிற நாங்கள், இல்லை, வண்டியில்தான் போவோம் என்று அடம்பிடித்தால், கனடாவுக்குள் நுழைந்து, மலையெல்லாம் ஏறி இறங்கி, மறுபடி அலாஸ்காவுக்குள் வந்து ஹெய்ன்ஸ் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். அடம்பிடித்தது நான்தான்.

முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவன் நான். என் மகள் ஜோலீன் பிறந்த அன்றைக்கும் பனிதான் தள்ளிக்கொண்டிருந்தேன். அதைக் குத்திக்காட்டாமல் அவளுக்கு ஒரு பிறந்தநாள் போனதில்லை. இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம், ஜூனோவில். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நண்டு பிடிக்கிற கப்பலில் ஏறி நடுக்கடலில் கிடக்கிறான்.

"இந்தத் தடவையாவது வந்துருவியாப்பா?" என்று போனில் கேட்டாள். பயந்திருந்தாள். வேறு ஆள் யாரும் பக்கத்தில் கிடையாது.

"சத்தியமா வர்றேன்டா."

என் மனைவி லோர்னா அதற்கு முந்தின வாரமே சொன்னாள். "ஃபேர்பேங்க்ஸ் போய் பிளேன் ஏறிடலாம், வெண்டெல்."

"அக்டோபர்ல ஜூனோ மேகம் எப்படி இருக்கும்னு தெரியாதா உனக்கு? பிளேன் இறங்காது. ஊருக்கு மேலயே தாண்டிப் போய் சியாட்டில்ல கொட்டிட்டு வந்துருவான். ரோடு அப்படி ஏமாத்தாது."

"ரோடு என்ன உனக்கு மாமனா மச்சானா? இவ்வளவு பரிஞ்சு பேசுற?"

பேசினேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஹெய்ன்ஸ் கணவாயைப் பனி மூடிவிட்டது. லோர்னா பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தாள். புதன்கிழமை கணவாயைத் திறந்தார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது சனிக்கிழமைதான்.

அமெரிக்கச் சோதனைச் சாவடியைத் தாண்டினோம். எல்லைப் பலகையையும் தாண்டினோம். கனடாக்காரன் சாவடி இன்னும் இருபது மைல் தள்ளி இருக்கிறது. நடுவில் காடுதான். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. என் குதிகாலில் எதுவோ வந்து இடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்னாச்சு?"

"சீட்டுக்கு அடியில துப்பாக்கி இருக்கு."

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி அதுவும் ஒன்று, கரடிக்காக. பதினெட்டு வருஷமாக அங்கேயே கிடக்கிறது. சொந்த வீட்டிலிருந்து சொந்தத் தலைநகரத்துக்குப் போகிறவனுக்கு நடுவில் ஒரு அயல்நாடு இருப்பது எங்கே ஞாபகம் வருகிறது? கைத்துப்பாக்கியோடு போனால் கனடாக்காரன் வண்டியையே பிடுங்கி வைத்துக்கொள்வான்.

"தூக்கி எறி" என்றாள் லோர்னா.

"குண்டு போட்ட துப்பாக்கிய ரோட்டோரம் எறியச் சொல்றியா?"

"குண்ட எடு. அப்புறம் எறி."

குண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். வண்டியை விட்டு இறங்கி, துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பனி. வீசினால் வசந்தம் வரைக்கும் எவன் கண்ணிலும் படாது. கை வரவில்லை. அரை நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான்.

அதற்குள் பின்னால் ஒரு லாரி வந்தது. ஹெய்ன்ஸிலிருந்து மீன் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்புகிற லாரி. லோர்னா தன் பையை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் போய்க் கையை நீட்டினாள். ஓட்டி வந்தது ஒரு பொம்பளை.

"ஹெய்ன்ஸ் வரைக்கும்தான் போறேன். ஏறு. ஆனா மீன் நாத்தம் அடிக்கும், பரவாயில்லையா?"

"இந்த மனுஷனோட பிடிவாதத்துக்கு மீன் நாத்தம் எவ்வளவோ தேவல" என்றாள் லோர்னா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ அதையே கட்டிப் பிடிச்சிட்டு நில்லு."

லாரி போய்விட்டது. அப்போதாவது எறிந்துவிட்டுப் பின்னாலேயே போயிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். பாதி தூரம் வந்த பிறகுதான் கோபம் இறங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இனி எப்படி ஓட்டினாலும் கப்பலைப் பிடிக்க முடியாது.

துப்பாக்கியை அடுக்களை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஃபேர்பேங்க்ஸுக்கு நாலு மணி நேரம் ஓட்டி, எந்த பிளேனை வேண்டாம் என்றேனோ அதிலேயே ஏறினேன். பிளேனில் வருகிறேன் என்று ஜோலீனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஆங்கரேஜ் ஏர்போர்ட்டில் நாற்காலியில் தூங்கி, வியாழக்கிழமை முதல் பிளேனைப் பிடித்தேன்.

எட்டரைக்கு ஜூனோவுக்கு மேலே இருந்தோம். கீழே எல்லாம் வெள்ளை. பாலாடை மாதிரி மூடிக் கிடந்தது. பிளேன் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கப் பார்த்தது, மறுபடி ஏறியது. இரண்டாவது சுற்றும் அப்படியே. பக்கத்து சீட்டுக்காரி ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தாமல், "சியாட்டில்தான்" என்றாள். பைலட் பிறகுதான் அதைச் சொன்னார்.

கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சொல்ல என்ன வெட்கம்? மேகத்தைத் திட்டலாம், கனடாக்காரன் சட்டத்தைத் திட்டலாம். வருஷம் பூராவும் திட்டலாம். ஆனால் ரோட்டோரம் நின்ற அந்த அரை நிமிஷத்தை யார் தலையில் கட்டுவது? ஒரு இரும்புத் துண்டை விட மனசு வரவில்லை எனக்கு. கீழே என் பெண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சியாட்டிலில் இறங்கியதும் போன் அடித்தது. ஜோலீன்தான்.

"பொண்ணுப்பா."

"நான் வரலியேடா" என்றேன்.

"அம்மா வந்துட்டா. உடம்பெல்லாம் மீன் நாத்தம். நர்ஸ் ரெண்டு தடவ குளிக்க வெச்சாங்க." களைத்துப் போய்ச் சிரித்தாள். "அப்பா, மேல பிளேன் சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவ சுத்துச்சு, மறுபடியும் வந்துச்சு. பயந்து போய் அம்மா கைய இறுக்கிப் பிடிச்சிட்டிருந்தேன். அம்மா சொன்னா, 'அதோ உங்கப்பா, வழி தேடிட்டிருக்கார்'னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிச்சிட்டிருக்கும்போதுதான் இவள வெளிய எடுத்தாங்க."

நான் பதில் சொல்வதற்குள் லோர்னா போனை வாங்கிவிட்டாள்.

"துப்பாக்கி எங்க?"

"அடுக்களை டிராயர்ல."

"அது அங்கயே கிடக்கட்டும். நீ வா."

அடுத்த பிளேன் இரண்டு மணிக்கு. மேகம் விலகுமா என்று கவுண்டரில் யாரையும் கேட்கவில்லை. போய் வரிசையில் நின்றேன்.