அரைக்காது

“இது வேற கீரி.”

“யாருக்குத் தெரியப் போகுது? கீரின்னா கீரி, பாக்கறவங்களுக்கு எல்லாம்—”

“சண்டை போட்டது முழுக்காது. இங்க பாம்ப இழுத்துக்கிட்டுப் போறது அரைக்காது. இடது காதப் பாரு, பாதியக் காணோம். எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு நல்லாத் தெரியும். பொண்டாட்டி மூஞ்சியவிட—”

“பேச்ச மாத்தாத.”

“முதல்ல சத்தமாப் பேசுங்க. கிசுகிசுன்னு சண்டை போட்டா நான் எப்படி பதில் சொல்றது?”

அவர் நிறுத்தினார். தான் கிசுகிசுத்துக்கொண்டிருப்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கோடை முழுக்க வறண்ட ஓடைக்கரையில், இலை நிறத் துணிக்கூடாரத்துக்குள் கேமராவோடு குந்தியிருந்தவர். அங்கே தும்மல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். வீடு திரும்பிய பிறகும், சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் ரகசியம் மாதிரிதான் கேட்கிறார்.

அவர் காட்டிலிருந்து அனுப்புவதை வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள் வேலை. அதற்கென்று வீட்டில் ஓர் அறை. ஜன்னலில் போர்வை, இரண்டு திரைகள், ஒரு கால் ஆடும் நாற்காலி. கல்யாணம் ஆனதிலிருந்து இதே ஏற்பாடுதான். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோன் செய்தால், “கீரியும் பாம்பும் என்ன பண்ணுது?” என்றுதான் ஆரம்பிப்பாள். எந்தக் கீரி, எந்தப் பாம்பு என்று இவர்கள் விளக்கம் கேட்டதில்லை.

“முதல்லேர்ந்து ஓட்டு,” என்றார், கொஞ்சம் சத்தமாக.

ஓட்டினாள். ஓடை மணலில் நல்ல பாம்பு தலையை உயர்த்தி நின்றது. எதிரே முழுக்காது. முடியெல்லாம் சிலிர்த்து, உடம்பு இரண்டு மடங்காகத் தெரிந்தது. பாம்பு கொத்தியது. கீரி அங்கே இல்லை. ஒரு முழம் தள்ளி நின்று, ‘இன்னொரு தரம் பார்ப்போமா’ என்பது போல மூக்கை நீட்டியது. மறுபடி கொத்தல், மறுபடி வெறும் மணல். ஒவ்வொரு கொத்தலுக்கும் பிறகு பாம்பின் தலை இன்னும் மெதுவாக நிமிர்ந்தது. அதைக் களைக்க வைப்பதுதான் கீரியின் வித்தை.

அதற்கப்புறம் அவர் எடுத்து வந்தது வேறு. பாம்பு பாறை இடுக்குக்குள் நுழைந்துவிட்டது. கீரி வாசலில் கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது, முன்னங்காலை நக்கிக்கொண்டது, தன் வழியே போய்விட்டது. ஜெயித்ததும் இல்லை, செத்ததும் இல்லை. முடிவு இருந்தால் படத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அடுத்த கோடையும் போய் எடுத்து வரட்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அவள் பழைய பதிவுகளைத் துழாவினாள். அரைக்காது ஒரு பாம்பை இழுத்துப் போகும் துண்டு கிடைத்தது. எடுத்து ஒட்டிவிட்டாள்.

“அது நல்ல பாம்புகூட இல்ல. சாரை.”

“தலை தெரியறதுக்குள்ள வெட்டிட்டேன்.”

“அதையும் கவனிச்சிருக்கே.”

“தொழில் தெரிஞ்சவதானே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “சாயங்காலம் கூவின குயில படத்துல காலையில கூவ வைன்னு நான் சொன்னதுக்கு, நாள் பூரா எங்கிட்ட பேசாம இருந்தவ நீ. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?” என்றார்.

“சண்டை முடிஞ்சாத்தான் நீங்க வீட்டுல இருப்பீங்க.”

அவர் நாற்காலியின் ஆடும் காலைப் பார்த்தார்.

“மறுபடி போனீங்கன்னா எனக்கு இந்த ரூமுதான். ஒவ்வொரு பதிவுலயும் உங்க மூச்சு கேக்குது. இருமல், பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தம், எல்லாம் கேக்குது. அதையெல்லாம் வெட்டி எறியறதுதான் எனக்கு வேலை. எறியறதுக்கு முன்னாடி ஒருவாட்டி முழுசாக் கேப்பேன்.”

“சொன்னதே இல்லையே.”

“யாருகிட்ட சொல்றது? நீங்கதான் அந்தப் பக்கம் இருக்கீங்களே.”

அவர் எழுந்தார். “சரி, இதையே அனுப்பிடு. நான் வாயத் தொறக்க மாட்டேன். இங்கயே இருக்கேன்.”

மறுபடியும் கிசுகிசுப்பு.

சொன்ன சொல் மாறாத ஆள்தான். அன்று பிற்பகல் அவள் தேநீர் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனபோது, அங்கேயேதான் இருந்தார். சுவரோரம் குந்தியிருந்தார். ஜன்னல் கம்பிக்கு மேலே ஒரு பல்லி பூச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. சத்தம் போடாதே என்று ஒரு கை மட்டும் உயர்ந்தது.

தம்ளரை அவருக்குக் கை எட்டும் தூரத்தில் தரையில் வைத்தாள். அறைக்குத் திரும்பி அரைக்காதை நீக்கினாள். பாறை இடுக்கு, நக்கிய கால், ஆளற்ற ஓடை, அவ்வளவோடு அனுப்பினாள். பிறகு தயாரிப்பாளரைக் கூப்பிட்டாள்.

“முடிவு கிடைக்கல சார். அடுத்த கோடைக்குப் போவாரு.”

கூடத்துக்கு வந்தாள். பல்லியைக் காணோம். தேநீர் ஆறிக் கிடந்தது.

“அனுப்பிட்டியா?”

“உங்க முழுக்காத மட்டும் அனுப்பினேன். மூட்டையக் கட்டிக்குங்க.”

சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதென்று அவர் முகம் பட்ட பாட்டை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீயும் வாயேன்.”

“எனக்குத் தும்மல விழுங்கத் தெரியாது.”

அடுத்த கோடையில் முதல் பதிவுகள் வந்தன. ஜன்னல் போர்வையை இழுத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். அதே ஓடை, அதே பாறை. காற்று சருகுகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டது. முழுக்காது வரவில்லை. பாம்பும் வரவில்லை. அவள் வேகமாக ஓட்டாமல், தாண்டாமல், பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு வறட்டு இருமல், வாயைத் தோளில் புதைத்து அமுக்கியது. கொஞ்சம் விட்டு மறுபடியும்.

வெட்ட வேண்டிய இடத்துக்கு வந்த கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“சுடுதண்ணி வெச்சுக் குடிச்சீங்களா, இல்லையா?”