போகிறபோது ரெண்டு அடி

கொதிகலனுக்குக் காற்று ஊதும் விசிறியின் பேரிங் மறுபடியும் கொதித்துக்கொண்டிருந்தது. கரும்பு ஏற்றிய குட்டி ரயில்கள் ஆலை வாசலிலிருந்து ஆற்றுப் பாலம் வரை காத்து நின்றன. விசிறி நின்றால் கொதிகலன் நிற்கும். அப்புறம் ஆலையே நிற்கும்.

மதிய ஷிப்டுக்கு வந்த, இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் நெரிடா, கிரீஸ் ஏற்றும் துளையைக் கையுறைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். எதிரே மேற்பார்வையாளர் ராஸ், கையில் கிரீஸை அழுத்தி ஏற்றும் கிரீஸ் கன்னோடு.

"கையை எடும்மா."

"எடுக்கமாட்டேன்."

"சூடேறினா கிரீஸ் பத்தலைன்னு அர்த்தம். நான் பிட்டரா இருந்த காலத்துலேர்ந்தே இப்படித்தான்."

"அதான் சீசனுக்கு சீசன் இதே பேரிங்கை மாத்திக்கிட்டிருக்கோம்."

காலை ஷிப்டு முடித்த மௌரோ சாப்பாட்டுப் பெட்டியோடு வேடிக்கை பார்த்தான். நெரிடா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ எவ்வளவு கிரீஸ் அடிச்சே?"

"ரெண்டே அடி. போறப்ப அடிக்கிறதுதானே வழக்கம். காய விட்டுட்டுப் போயிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாதில்ல?"

"வர்றவன் போனவனை நம்பாம ரெண்டு அடி. பொழுது போகலைன்னா நடுவுல ரெண்டு அடி. உள்ள உருளை எங்கடா ஓடுது? களிக்குள்ள நீந்துது. கிரீஸைக் கடையற சூடுதான் இது."

ராஸ் குரலைத் தாழ்த்தினார். "விசிறி நின்னுச்சுன்னா நீ கேட்டிருக்கிற தலைமை பிட்டர் வேலையை மறந்துட வேண்டியதுதான்."

"நிக்காம ஓடினா?"

ராஸ் பேரிங்கின் சூட்டுமானியைப் பார்த்தார்.

"ஓடினா எல்லாரோட கன்னும் என் அலமாரிக்கு வந்துடணும். நான் சொன்ன அளவு, நான் சொன்ன நாள்."

அவள் குனிந்து பேரிங்கின் அடியிலிருந்த வடிதுளையின் மூடியைக் கழற்றினாள். கறுத்த கிரீஸ் விரல் தடிமனில் நெளிந்து நெளிந்து தட்டில் விழுந்தது. சூட்டுமானியின் முள் அசையவில்லை.

"இறங்கலையே," என்றார் ராஸ்.

"பொறுங்க. அது முதல்ல மூச்சு விடட்டும்."

முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. ஆனாலும் நெரிடா துளையிலிருந்து கையை எடுக்கவில்லை. ராஸ் கன்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மௌரோ பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த ரொட்டியைத் தின்றான்.

தட்டு நிறைந்தது. ஒழுக்கு மெலிந்தது. முள் தயங்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. விசிறியின் இரைச்சலில் இருந்த முனகலும் அடங்கிவிட்டது.

"தலைமை பிட்டர் விஷயம் சீசன் முடியட்டும், பாக்கலாம்," என்றார் ராஸ்.

"பாருங்க. கன்னை இப்பவே குடுங்க."

அவர் கன்னை நீட்டினார். நெரிடா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வீட்டுக்குக் கிளம்பிய மௌரோ, பழக்க தோஷத்தில் சுவரில் கன் மாட்டும் கொக்கியைத் தடவினான். வெறும் கொக்கி.

"ஒரே ஒரு அடி, நெரிடா. மனசு கேக்கல."

"மனசுக்கு வேணும்னா வீட்டுக்குப் போய் அடிச்சுக்கோ. என் பேரிங்கைத் தொடாதே."