கோப்பிக்குப் பாதி மாத்திரை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிலிபின் என்ற ஊரில் ஒரு விலங்கு மருத்துவமனையில், என் பூனைக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது கிடைத்த கதை இது. பெரியவர் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கதவைத் திறந்துவிட்ட எனக்கு நன்றி சொன்னார். சீட்டு கொடுத்த பெண்ணுக்குச் சொன்னார். நாயை எடை பார்த்த இயந்திரத்தைக்கூடத் தொட்டுக் கும்பிட்டார். வாசலில் ஒரு வேன் நின்றது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் இளம்பனி —

வேண்டாம். நாய்க்கு இடுப்பு வலி. இதில் குன்று யாருக்கு வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்: பெரியவர் பத்துமலை தன் நாய்க்கு விஷம் வைத்தார்.

ஆளை இழுக்கும். ஆனால் பொய். [அந்த வரியை அடிக்க மனம் வராமல் விட்டுவைத்திருக்கிறேன்.]

மூன்றாவது இப்படி: செமோர் பக்கம், ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்பில் பத்துமலை தனியாக இருக்கிறார். தனியாக என்றால், கோப்பி என்ற கிழட்டு நாயோடு. ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர், இப்போது தொழிற்சாலைக் காவலாளி. கோப்பி வாசல்படி ஏற முடியாமல் முனகியது. விலங்கு டாக்டரிடம் போனால் செலவு கையைக் கடிக்கும் என்று பயந்தார். தன் முட்டி வலிக்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயில் சுருட்டி, பருப்புக் குழம்பில் நனைத்துத் தினமும் ஊட்டினார்.*

* தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்தவருக்கு இது தவறாகவே தெரிந்திருக்காது. அங்கே ஒரு வீட்டுக்கு வந்த மாத்திரை பக்கத்து வீட்டுக் காய்ச்சலையும் பார்த்துக்கொள்ளும்.

3.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு விவரம் கெட்ட மனிதரா? பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. பாதி கோப்பிக்கு என்றால், அவருக்கு மிச்சம் பாதிதான். மீதி வலியோடுதான் தொழிற்சாலை வாசலில் நின்று லாரிகளுக்குக் கைகாட்டியிருக்கிறார். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கோப்பி முதலில் துள்ளியது. பிறகு சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒருநாள் காலையில் கறுப்பாக வாந்தி எடுத்தது. வாடகைக் கார்க்காரர்கள் நாய் என்றதும் மறுத்துவிட்டார்கள். பத்துமலை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஜைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினார். அந்த முட்டி வலியோடு ஓடினார்.

"பாய், செத்துரும் போல இருக்கு."

"வேன்ல ஏத்துங்கண்ணே."

"வேணாம் பாய், வாயெல்லாம் வழியுது. உங்களுக்கு ஆகாதுல்ல..."

"நாய் எச்சி பட்டா, மண்ணு கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவிக்கிறது. அதுக்கு எங்களுக்கு வழி இருக்குலா. ஏறுங்க முதல்ல!"

[தயங்கும் ஜைனுலாப்தீன் ஒருவரையும் எழுதிப் பார்த்தேன். தயங்க மறுத்துவிட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.]

4.

"நாந்தான் டாக்டர் கொடுத்தேன். என் கையால கொடுத்தேன்," என்று மாத்திரை அட்டையை நீட்டினார் பத்துமலை.

டாக்டர் ஷாமினி அட்டையைப் படித்தார். "மறைக்காம சொன்னீங்களே, அதுக்கே உங்களுக்கு நன்றிண்ணே. மனுசன் மாத்திரை நாய்க்கு வயித்தப் புண்ணாக்கும், கிட்னியக் கெடுக்கும். முதல்ல வயிறு ஆறணும், இரத்தம் பாக்கணும். பழைய மருந்து உடம்ப விட்டுப் போன பிறகுதான் நாய்க்குன்னு உள்ளதத் தருவேன். எடைக்கு ஏத்த அளவு, சாப்பிட்ட பிறகு. திரும்ப வாந்தி வந்தா நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க."

"ரொம்பச் செலவாகுமா?"

"நடுவுல கோடு போட்ட பெரிய மாத்திரை இருக்கு. நான் சொல்ற மாதிரி உடைச்சுக் கொடுத்தா மலிவு. சீட்டும் எழுதித் தரேன், விலை விசாரிச்சு வாங்குங்க. இன்னொண்ணு, கோப்பி இளைக்கணும். இளைச்சா வலியும் குறையும், மருந்தும் குறையும். ரொட்டி சானாய் கூடவே கூடாது."

"மிச்ச ரொட்டி போட்டுப் பழக்கினது நாந்தான்லா!" என்று வாசலிலிருந்து கத்தினார் ஜைனுலாப்தீன்.

அழுகைக்கு நடுவே பத்துமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

5.

முடிவு அ: கோப்பி படியேறித் துள்ளுகிறது. [சினிமா.]

முடிவு ஆ: பத்துமலை மண்வெட்டியை எடுத்து —

[மாட்டேன்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. டாக்டர் சொன்ன நாளும் வந்தது. கோப்பி சோறு தின்றுவிட்டது. புது மாத்திரையின் சரியான பாதி பத்துமலையின் விரல்களுக்கு நடுவே இருக்கிறது. கைதான் போக மறுக்கிறது.

"இது சரியான மருந்துதான், அண்ணே," என்கிறேன் நான்.

"நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க லா. அன்னிக்கும் இதே கைதான் கொடுத்துச்சு."

 எந்த மாத்திரை நல்லது, எது கெட்டது என்பதெல்லாம் கோப்பிக்குத் தெரியாது. அதற்கு அந்தக் கையை மட்டும்தான் தெரியும். பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து, அவர் முட்டியில் தாடையை வைத்து, எப்போதும்போல வாயைத் திறக்கிறது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவர் கை பாதி வழியில் நிற்கிறது. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.